பறை சூடாக இருக்கும்போதே: நாட்டுப்புற இசை ஆல்பம் பதிவு செய்பவர்களுக்கு

பறையைக் காய்ச்சி எடுத்த கையோடு பதிவைத் தொடங்கிவிட வேண்டும். வைக்கோலிலோ காய்ந்த தென்னை ஓலையிலோ சூடேறிய தோல் முதல் சில நிமிடங்களுக்குக் கணீரென்று பேசும். சூடு ஆற ஆறக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தளரும். கால் மணி நேரம் கழித்து அதே அடியை அடித்தால் சுருதி இறங்கியிருக்கும். பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரிவதில்லை, காதும் கூடவே இறங்கி வந்துவிடுகிறது. முதல் டேக்கின் (ஒரு முறை அடித்துப் பதிவு செய்ததின்) முன்பாதியையும் மூன்றாவது டேக்கின் பின்பாதியையும் கணினியில் ஒட்டிப் பார்க்கும்போதுதான் ஒட்டுப் போட்ட இடம் அப்பட்டமாகத் தெரியும். மென்பொருளில் சுருதியை ஏற்றிச் சரிக்கட்டப் பார்த்தால் குச்சி தோலில் விழும் ஓசையும் சேர்ந்து மாறி, பிளாஸ்டிக் வாளியைத் தட்டியதுபோல ஆகிவிடும்.

இதற்கு வழி, ஆட்களைவிடக் கூடுதலாகப் பறைகளை வைத்துக்கொள்வதுதான். ஆறு பேர் அடிக்கிறார்கள் என்றால் பத்துப் பறையாவது இருக்கட்டும். சில பறைகள் பதிவில் இருக்கும்போது மற்றவை நெருப்பருகே இருக்கும். காய்ச்சுவதற்கென்றே கைப்பக்குவம் தெரிந்த ஒருவர் தனியாக வேண்டும். அடிப்பவர்களுக்கு என்ன சம்பளமோ அதுவே அவருக்கும். தோல் நெருப்புக்கு மிக நெருங்கினால் கருகும், விளிம்பில் கிழியும். வேடிக்கை பார்க்க வந்த பையன்களிடம் விடுகிற வேலை இல்லை அது. ஓலை வெடிக்கும் சத்தம் மைக்கில் விழும் என்பதால் நெருப்பை 15 மீட்டராவது தள்ளி, புகை நம் பக்கம் வராத திசையில் வைக்க வேண்டும். ஒரு டேக் ஏழெட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். குறிப்பேட்டில் ஒவ்வொரு டேக்குக்கும் எதிரே காய்ச்சி முடித்த நேரத்தையும் அடிக்கத் தொடங்கிய நேரத்தையும் எழுதி வையுங்கள். இரண்டு டேக்குகளை இணைத்தே ஆக வேண்டுமென்றால், காய்ச்சியபின் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் கடந்தவற்றை மட்டும் இணைக்கலாம்.

ஸ்டுடியோவில் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். மின் அடுப்பு, ஹேர் டிரையர் என்று சமாளிக்கிறார்கள். ஹேர் டிரையர் ஓரிடத்தை மட்டும் சூடாக்கும். விளிம்பு தளர்ந்தே இருக்கும், ஓசை இரண்டாகப் பிளந்து கேட்கும். ஃபைபர் தோல் போட்ட பறை தளராது, மழையிலும் அடிக்கலாம். ஆனால் அதன் ஓசை மெலிந்தது. தோற்பறையின் அடிவயிற்றுச் சத்தம் அதில் வராது. ஸ்டுடியோ தவிர வழியில்லை என்றால், திறந்த முற்றமோ மொட்டை மாடியோ உள்ள ஸ்டுடியோவாகப் பாருங்கள். வெளியே காய்ச்சி உள்ளே ஓடிவந்துவிடலாம்.

வெளியிடத்தில் பதிவு செய்வதே நல்லது என்பது எங்கள் முடிவு. வெளியில் அடிப்பதற்காகவே உருவான வாத்தியத்தை நாலு சுவருக்குள் அடைத்துவிட்டு, பிறகு கணினியில் வெளியின் எதிரொலியைச் சேர்ப்பது வீண் வேலை. ஆனால் எந்த வெளியிடம் என்பதில் கவனம் தேவை. மைக்குக்கு 10 மீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடச் சுவர் நேராக நின்றால், ஒலி போய்த் திரும்ப 20 மீட்டர்; அதாவது சுமார் 60 மில்லி செகண்டு தாமதம். ஒவ்வொரு அடிக்கும் பின்னாலேயே இன்னோர் அடி கேட்கும். அதைப் பிறகு எடுக்கவே முடியாது. போனதும் கையைப் பலமாகத் தட்டிப் பாருங்கள். தட்டியது திரும்பி வந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது குழுவையும் மைக்கையும் சாய்வாகத் திருப்புங்கள். அறுவடை முடிந்த வயல், தோப்பு, களத்துமேடு ஆகியவை நல்ல இடங்கள். தோப்பில் மரங்கள் ஒலியைச் சிதறடித்துவிடுவதால் தனி எதிரொலி எழாது.

மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் அருகே 50 ஹெர்ட்ஸ் முனகலும் அதன் மடங்குகளும் கேபிளில் ஏறும். எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்டுங்கள். எல்லாருடைய போனும் ஃபிளைட் மோடில் இருக்கட்டும், சைலன்ட் போதாது. இரவு ஒன்பதுக்கு மேல் வண்டிச் சத்தம் குறையும், ஆனால் சில்வண்டு தொடங்கும். அதன் இரைச்சல் ஜால்ராவும் சலங்கையும் ஒலிக்கும் அதே உச்சப் பகுதியில் விழுவதால், வடிகட்டினால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். மழை பெய்து ஓய்ந்த இரவுகளைத் தவிர்த்துவிடுங்கள். மார்கழியில் விடியற்காலைப் பதிவு வேண்டவே வேண்டாம், எந்தக் கோயில் ஒலிபெருக்கி எப்போது தொடங்கும் என்று கணிக்க முடியாது.

மைக் விஷயத்தில் ஆளுக்கொரு மைக் என்று போவதுதான் பலரும் தொடங்குகிற இடம். பறைக் குழுவுக்கு அது பொருந்தாது. ஆறு மைக்கிலும் ஆறு பறையும் விழும். ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஓசை சப்பென்று ஆகும். முன்பக்க ஓசையையே அதிகமாக வாங்கும் கார்டியாய்டு மைக்குகள் இரண்டை 17 செ.மீ. இடைவெளியில், 110 டிகிரி விரித்து, ஒரே ஸ்டாண்டில் பொருத்துங்கள். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் உருவாக்கிய இந்த அமைப்புக்கு ஓஆர்டிஎஃப் என்று பெயர். குழுவை அரைவட்டமாக நிறுத்தி, நடுவிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, இரண்டு மீட்டர் உயரத்தில் வையுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே ஆட்களை நகர்த்துங்கள். ஒருவருடைய பறை தூக்கலாகக் கேட்டால் அவரை அரை மீட்டர் பின்னே போகச் சொன்னால் போதும். மிக்ஸிங்கில் செய்ய வேண்டிய பாதி வேலை இங்கே கால் நகர்த்தலிலேயே முடிந்துவிடும்.

பதிவின் தரத்துக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும்; ஆவணக் காப்பகத்துக்கும் கொடுப்பதாக இருந்தால் 96. ஸ்டீரியோவில் 48-க்கு மணிக்குச் சுமார் 1 ஜிபி, 96-க்கு அதன் இரு மடங்கு. லெவலை ஒத்திகையில் பார்த்து வைத்தது நிலைக்காது. ஆட்டம் சூடுபிடித்ததும் அதே ஆட்கள் இன்னும் பலமாக அடிப்பார்கள். ரெக்கார்டரின் எல்லை 0 டெசிபல்; ஒத்திகையில் உச்சம் கழித்தல் 18 டெசிபலில் நின்றால்தான் நிஜ ஆட்டத்தில் கழித்தல் 8-ஐத் தாண்டாமல் இருக்கும். எவ்வளவு உரத்த ஓசையையும் உடையாமல் எழுதும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் லெவலே பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறார்கள். ரெக்கார்டர் தாங்கும், மைக் தாங்க வேண்டுமே! மைக்குக்குள்ளேயே ஓசை உடைந்துவிட்டால் எந்த ஃப்ளோட்டும் காப்பாற்றாது. 130 டெசிபலுக்கு மேல் தாங்கும் மைக் என்று விவரத்தாளில் உறுதி செய்துகொள்ளுங்கள். காற்றுக்குப் பஞ்சு உறை போதாது, ரோம உறை வேண்டும். காற்றிரைச்சலைக் குறைக்க மைக்கிலுள்ள, தாழ்ந்த ஓசைகளை வெட்டும் லோ-கட் சுவிட்சைப் போட்டுவிடுவது பலருக்குக் கைப்பழக்கம். உறுமி இருக்கும் குழுவில் அதைத் தொடாதீர்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் தங்கியிருப்பதே கீழ்ப் பகுதியில்தான்.

நாதஸ்வரத்தின் வாய் விரிந்த முனையான அணசுக்கு நேரே மைக்கை நீட்டுவது மேடை ஒலிபெருக்கிக்காரர்களின் வழக்கம். பதிவில் அது காதைக் கிழிக்கும். ஓசை அணசிலிருந்து மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் ஒவ்வொரு துளையிலிருந்தும் வருகிறது. ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி, அணசு நோக்கும் திசையிலிருந்து 30 முதல் 45 டிகிரி விலகி, வாசிப்பவரின் முகத்தைவிடச் சற்று உயரத்தில் வைத்தால் குழலின் முழு உடலும் கேட்கும். ஊதும் முனையிலுள்ள சீவாளி ஈரம் ஏறிப் பதமாகும்வரை வித்வானை அவசரப்படுத்தக் கூடாது. தவிலுக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பி எனப்படும் மறுபக்கம் ஒன்று என்று இரண்டு மைக் வைப்பதைவிட, நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் கோயிலில் நிற்பதுபோலவே நிற்கவிட்டு ஒரு ஸ்டீரியோ ஜோடியில் எடுப்பது நன்றாக அமைகிறது. வேண்டுமானால் தொப்பிக்கு மட்டும் ஒரு துணை மைக்.

பாடுபவர்கள் விஷயம் வேறு. நடவுப் பாட்டில் முன்பாட்டுக்காரர் அடியை முடிப்பதற்குள் பின்பாட்டு எழுந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அந்த இடத்தில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது. முன்பாட்டைத் தனியாகவும் பின்பாட்டைப் பிறகு தனியாகவும் ஹெட்ஃபோன் மாட்டி எடுத்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளை இடைவெளி விழுந்துவிடும். குனிந்து நட்டுக்கொண்டே பாடுபவரை நாற்காலியில் உட்கார வைத்தால் மூச்சு மாறும், மூச்சு மாறினால் அடியின் நீளம் மாறும். வேலையோடு பாடும் பாட்டை வேலையோடு எடுங்கள். முடியாவிட்டால் நின்றுகொண்டாவது பாடட்டும். ஜார்ஜியா நாட்டின் மூன்று குரல் பாடல்களுக்கும் இதே விதிதான். அந்தப் பாடகர்கள் தோளோடு தோள் நெருங்கி நின்று, ஒருவர் குரலைக் கேட்டு மற்றவர் தன் சுருதியை நூலிழை அளவு நகர்த்திப் பொருத்துகிறார்கள். தனித்தனிக் கண்ணாடி அறையில் நிறுத்தினால் அந்தப் பொருத்தம் வராது.

ஒப்பாரியைக் கேட்ட மாத்திரத்தில் பாடச் சொல்லக் கூடாது. சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று பலர் மறுப்பார்கள். அதை மதித்து, அவர்கள் சொல்லும் இடத்துக்கு, அவர்கள் சொல்லும் நேரத்துக்குப் போங்கள். பாடத் தொடங்கியவருக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டால் ரெக்கார்டரை நிறுத்துவதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே அவரிடமே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

பதிவு முடிந்து கணினிக்கு வந்தபின் அதிகம் கெடுவது ‘சுத்தம் செய்கிறேன்’ என்ற இடத்தில். ஜிம்பாப்வேயில் ஷோனா மக்களின் உம்பிரா என்ற வாத்தியத்தைப் பாருங்கள். பலகையில் இரும்பு நாக்குகள் வரிசையாக இருக்கும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மீட்டுவார்கள். பலகையிலும் அதை வைத்து வாசிக்கும் சுரைக்குடுக்கையிலும் சோடா பாட்டில் மூடிகளைக் கட்டியிருப்பார்கள், அந்தக் காலத்தில் நத்தை ஓடுகள். ஒவ்வொரு சுரத்தோடும் அவை சரசரவென்று அதிரும். பழக்கமில்லாத ஒலிப்பதிவாளர் அதைக் கோளாறு என்று எண்ணி, மூடிகளைக் கழற்றச் சொல்வார், அல்லது நாய்ஸ் ரிடக்‌ஷனில் வழித்தெடுப்பார். மூதாதையரை அழைக்கும் சடங்கில் ஒலிக்கும் வாத்தியம் அது; அந்தச் சரசரப்பு அதன் ஓசையில் பாதி. மேற்கு ஆப்பிரிக்காவின் பாலஃபோனில் மரக்கட்டைகளுக்குக் கீழே தொங்கும் சுரைக்குடுக்கைகளில் துளையிட்டு, அதன்மேல் மெல்லிய சவ்வு ஒட்டுவதும் இந்த அதிர்வுக்காகவே. காங்கோவின் கோனோனோ நம்பர் 1 குழு பழைய கார் பாகங்களின் காந்தத்தைக் கொண்டு தாங்களே செய்த பிக்கப்பில் (அதிர்வை மின்சாரமாக்கும் கருவியில்) உம்பிராவைப் போன்ற லிகெம்பேயை ஒலிபெருக்கினார்கள். அதில் உடைந்து வந்த ஓசையை அப்படியே வைத்து 2004-இல் வெளியான ஆல்பம்தான் அவர்களை உலகத்துக்குக் காட்டியது. நம்மூர்த் தம்புராவில் தந்திக்கடியில் வைக்கும் நூலான ஜீவாளி தெரிந்த காதுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. எனவே எந்த ஓசையையும் நீக்குமுன் வாசித்தவரை அழைத்து, ‘இது இருக்கணுமா?’ என்று கேட்டுவிடுங்கள்.

சுருதி திருத்தும் மென்பொருளுக்கும் இதே எச்சரிக்கை. இந்தோனேசியாவின் பாலியில் கமெலான் என்ற குழு இசையின் வாத்தியங்களை ஜோடி ஜோடியாகச் செய்வார்கள். ஒன்று மற்றதைவிடச் சற்றே கூடுதல் சுருதியில் இருக்கும். இரண்டையும் சேர்த்து அடிக்கும்போது ஓசை அலைபோல மினுங்கும். இந்த வேறுபாட்டை மென்பொருள் ‘சரி’ செய்துவிட்டால் மினுக்கம் செத்துப்போகும். பல்கேரியாவின் ஷோப் பகுதிப் பெண்கள் இரண்டு குரல்களை வேண்டுமென்றே மிக நெருக்கமான சுரங்களில் மோதவிட்டு மணிபோல் ஒலிக்கச் செய்கிறார்கள். நம் நாட்டுப்புறப் பாட்டில் கீபோர்டைச் சேர்க்கும்போதும் இந்தச் சிக்கல் வரும். பாடுபவரின் காந்தாரம் கீபோர்டின் எந்தக் கட்டையிலும் இருக்காது. பத்து நிமிடத்தில் அவர் கீபோர்டுக்குத் தன்னை மாற்றிக்கொள்வார், ஊரில் பாடிய பாட்டு அங்கே காணாமல் போகும். துணைக்குச் சுருதி வேண்டுமென்றால் வெறும் சட்ஜம் பஞ்சமம் போதும்.

வேகத்தைச் சீராக வைக்க ஹெட்ஃபோனில் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக் ட்ராக்கும் வேண்டாம். பறையாட்டம் மெதுவாகத் தொடங்கி ஏறும், திருப்பத்தில் சற்றே தயங்கும், மீண்டும் பாயும். பிறகு கிட்டாரோ சிந்தசைசரோ சேர்க்க விரும்பும் இசையமைப்பாளர் தன் மென்பொருளில் பறையின் வேகத்துக்கேற்ப டெம்போ வரைபடம் போட்டுக்கொள்ளட்டும். அதற்கு அரை நாள் வேலை பிடிக்கும், அந்த அரை நாளைச் செலவழிக்க வேண்டியவர் அவர்தான். 2005-இல் வெளியாகி கிராமி பெற்ற அலி ஃபார்கா துரே, துமானி ஜபாத்தே இணைந்த ஆல்பம் மாலி நாட்டின் பமாக்கோவில் நைஜர் ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றில் பதிவானது. ஒருவர் கிட்டார், மற்றவர் 21 நரம்புள்ள கோரா, பெரிதாக ஒத்திகை இல்லை. எதிரெதிரே இருந்து ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும்போது வேகம் தானாக அமையும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

வெளியிடுமுன் ஓசையை இறுதியாகச் சரிசெய்யும் மாஸ்டரிங்கில் ஒன்றே ஒன்று. ஸ்பாட்டிஃபை கழித்தல் 14 எல்யுஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு), ஆப்பிள் மியூசிக் கழித்தல் 16 என்ற அளவுக்கு எல்லாவற்றையும் தாங்களே கொண்டுவந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் நசுக்கி ஏற்றினால் அங்கே இறக்கிவிடுவார்கள். மிஞ்சுவது முனை மழுங்கிய பறை மட்டும். உச்சத்தைக் கழித்தல் 1 டெசிபலில் நிறுத்தி, ஆல்பம் மொத்தமும் கழித்தல் 16-ஐ ஒட்டி நிற்கும்படி விடலாம். தாலாட்டையும் சாமிச்சாட்டு அடியையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவராதீர்கள். ஆல்பத்தை வரிசையாகக் கேட்பவருக்குத் தாலாட்டு மெதுவாகத்தான் கேட்க வேண்டும்.

இனி எழுத்து வேலை. இதில் சறுக்கினால் வரும் சேதம் ஓசையில் வரும் சேதத்தைவிடப் பெரிது, தலைமுறைக்கும் நீடிப்பது. 1970-இல் சாலமன் தீவுகளில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை ஹ்யூகோ செம்ப் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். அது யுனெஸ்கோ இசைத்தட்டில் வெளியானது. 1992-இல் டீப் ஃபாரஸ்ட் என்ற குழு அந்தக் குரலை எடுத்துத் தங்கள் பாட்டில் வைத்து உலகமெங்கும் விற்றது. அந்தக் குரலை ஏதோ ஆப்பிரிக்கக் காட்டுக் குரல் என்றே கேட்டவர்கள் பலர். பாடிய பெண்ணின் பெயர் அந்த ஆல்பத்தில் இல்லை. எனவே ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் பாடுபவரே தன் பெயர், ஊர், பாட்டின் பெயர், யாரிடம் கற்றார் என்பதைச் சொல்லட்டும். தேதியை நீங்கள் சொல்லுங்கள். தாள் தொலையலாம், குரலோடு சேர்ந்த குறிப்பு தொலையாது. அடிகளுக்கு அவர்கள் வழங்கும் பெயரையே ட்ராக் பெயராக வையுங்கள்: சப்பரத்தடி, ஒத்தையடி, ஜாயிண்ட் அடி. ‘கிராமத்துத் துடிப்பு 3’ என்றெல்லாம் நாம் பெயர் வைத்தால் அடுத்த ஊரில் அதே அடியைத் தேடுபவருக்கு அது கிடைக்காது.

ஒப்பந்தம் ஒரே பக்கம், தமிழில், சத்தமாகப் படித்துக்காட்டி, அதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். எங்கெங்கே வெளியாகும், வரும் பணத்தில் யாருக்கு எத்தனை பங்கு, வேறொருவர் துணுக்காக எடுத்துப் பயன்படுத்தக் கேட்டால் யாரைக் கேட்பது, பாடியவர் காலத்துக்குப் பின் முடிவெடுப்பவர் யார் என்ற நான்கும் அதில் இருந்தாக வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலருக்கும் கூச்சம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பலரிடையே, இறந்தவரின் பெயரைச் சொல்வதும் குரலை ஒலிக்கவிடுவதும் சில காலம் தவிர்க்கப்படும். குடும்பம் சம்மதித்தபின்தான் இசை மீண்டும் வெளிவரும். நம்மூரிலும் தாத்தாவின் பாட்டு யூடியூபில் திடீரென ஒலித்தால் வீடு கலங்கிப்போகும். சட்டப்படியும், இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 38-ஆம் பிரிவின்கீழ் நிகழ்த்துநருக்குத் தன் நிகழ்த்துகையின்மீது 50 ஆண்டு உரிமை உண்டு. பாட்டு மரபானது, யாருக்கும் சொந்தமில்லை என்பதால் பாடியவருக்கும் உரிமையில்லை என்று ஆகாது. சம்பளத்தைக் குழுத்தலைவரிடம் மொத்தமாகத் தராமல் ஒவ்வொருவர் கையிலும், பதிவு முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

வெளியீட்டுப் படிவத்தில் ‘இயற்றியவர்’ என்ற கட்டம் கட்டாயமாக இருக்கும். அதில் தயாரிப்பாளர் தன் பெயரைப் போட்டுக்கொள்வதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு. ‘டிரெடிஷனல்’ என்று குறித்து, பாடியவர்கள், வாசித்தவர்கள் எல்லாரையும் கலைஞர் வரிசையில் சேருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண்ணைப் பெரும்பாலான விநியோக நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றன. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதலிலேயே ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே கலைஞருக்கு மூன்று பக்கங்கள் உருவாகி கேட்பவர்கள் சிதறுவார்கள். பிறர் வீடியோக்களில் உங்கள் பாட்டைத் தேடி உரிமை கோரும் யூடியூப் கன்டென்ட் ஐடி என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள். மரபுப் பாட்டுக்கு அதைப் போட்டால், அதே பாட்டைத் தன் வீட்டு விசேஷத்தில் பாடிப் பதிவேற்றிய ஒருவரின் வீடியோமீது உங்கள் பெயரில் உரிமை கோரல் போகக்கூடும்.

வகைக் கட்டத்தில் ‘வேர்ல்ட்’ என்று இருந்தால் போட்டுவிட்டுப் போங்கள். 1987-இல் லண்டனில் சில சிறு நிறுவனங்கள் கூடி, இசைத்தட்டுக் கடைகளில் இந்த ஆல்பங்களை எந்த அலமாரியில் வைப்பது என்ற சிக்கலைத் தீர்க்க எடுத்துக்கொண்ட பெயர் அது. கிராமி விருதுக் குழு 2020-இல் அதைக் கைவிட்டு ‘குளோபல்’ என்று மாற்றிக்கொண்டது. ஊர், சமூகம், சடங்கு, வாத்தியம் செய்த மரம், தோல், இசைத்தவர் பெயர்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடம் ஆல்பத்தோடு வரும் சிறு ஏடு. 1948-இல் தொடங்கிய ஃபோக்வேஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் ஒவ்வொரு இசைத்தட்டோடும் அப்படி ஓர் ஏட்டை வைத்து விற்றது. 1987-இல் அமெரிக்க அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் அதை வாங்கியபோது 2,000-க்கும் மேற்பட்ட ஆல்பங்களில் ஒன்றையும் விற்பனையிலிருந்து நீக்குவதில்லை என்று ஏற்றுக்கொண்டது. பெரும்பாலான ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏடு வைக்க இடமில்லை. கலைஞர்கள் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்தோடு பிடிஎஃப் சேர்க்கலாம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள்.

வெளியிடுவதற்கு இரண்டு வாரம் முன்பே முழு ஆல்பத்தையும் ஏட்டையும் இசைத்தவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். வாட்ஸப்பில் ஆடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாகுமெண்டாக அனுப்புங்கள். பென் டிரைவிலும் ஒரு பிரதி. பெயரில் எழுத்துப்பிழை, விட்டுப்போன ஆள், வெளியே போகக் கூடாத ஒரு சடங்குப் பாட்டு என்று ஏதாவது ஒன்று நிச்சயம் வரும். திருத்தியபின் வெளியிடுங்கள். மூலப் பதிவுகளின் இரண்டு பிரதிகள் வெவ்வேறு ஊர்களில் இருக்கட்டும். மூன்றாவதை, குழு சம்மதித்தால், குருகிராமிலுள்ள இன இசையியல் ஆவணக் காப்பகத்தைப் போன்ற ஓரிடத்தில் ஒப்படைக்கலாம். அங்கே யார் கேட்கலாம், யார் பிரதி எடுக்கலாம் என்ற நிபந்தனையைக் குழுவே எழுதிக் கொடுக்கட்டும்.